காலை வண்டி உண்டா, இல்லையா? (நெல்லை–தென்காசி பாதையில் கரண்ட் கம்பி வேலை நடந்தபோது எழுதியவை)

அப்பளக்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன் எங்களுடையது. பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்க்கிறவர்கள் தினமும் பார்க்கிற முகங்கள். கல்லிடைக்குறிச்சியில் நாலு வீட்டில் அப்பளம் எடுத்து நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கடை கடையாகப் போடுவது என் பிழைப்பு. 2012-ல் இந்தப் பாதையை அகலப்பாதையாகத் திறந்ததில் இருந்து காலை பாசஞ்சர்தான் எனக்கு வண்டி. இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு கட்டைப்பை. கதவோரம் வைத்துவிட்டு அதன் மேலேயே கை போட்டு நின்றால் ஒரு அப்பளம் உடையாது.

இப்போது பாதையை மின்மயம் ஆக்குகிறோம் என்று கம்பம் நடுகிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் ஒன்றரை மாதமாக நான் படுகிற பாடு இருக்கிறதே!

போன திங்கட்கிழமை ஆறேகாலுக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். பூக்காரம்மா, இரண்டு காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு தாத்தா, நான். ஆறே முக்காலுக்கு ஒருவர் வந்து போர்டில் சாக்பீஸால் ‘இன்று ரத்து’ என்று எழுதினார். எழுதிவிட்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் பாபநாசத்தில் இருந்து வருகிற பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை, பெட்டியை எங்கே வைக்க? கண்டக்டர் ஒரு பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், இன்னொன்றை டிரைவருக்குப் பின்னால் செருகினார். அதன் மேல் யாரோ உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறார்கள். டவுனில் இறக்கிப் பார்த்தால் அப்பளம் இல்லை, பொரிக்கடலை மாதிரி நொறுங்கிக் கிடந்தது. கடைக்காரர் பாதியைத் திருப்பிவிட்டார்.

சரி, புத்தி வந்தது என்று அன்றைக்குச் சாயங்காலமே பேப்பரைத் தேடிப் பிடித்துப் படித்தேன். இந்த மாதம் முழுவதும் ரத்து என்று போட்டிருந்தது. அதனால் செவ்வாய்க்கிழமை நேராகப் பஸ்ஸுக்கே போனேன். வழியில் ஒரு ரயில்வே கேட். அடைத்திருந்தது. பஸ் நின்றது. என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கிறேன், எங்கள் காலை பாசஞ்சர்! பாதிப் பெட்டி காலியாக, ஜன்னலோரம் ஆட்கள் காற்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று அதற்கு வழிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டி வருகிற நாளிலும் நிம்மதி இல்லை. பிளாட்பாரம் பக்கத்தில் குழி எடுத்துப் போட்டிருப்பதால் வண்டியை அடுத்த பாதையில் விடுகிறார்கள். அங்கே பிளாட்பாரம் தரையோடு தரை. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாத்தாவை நானும் ஒரு காலேஜ் பையனும் சேர்த்துத்தான் ஏற்றினோம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு வண்டி உண்டா என்பதை முந்தின நாளே நம்பிக்கையாக எங்கே பார்ப்பது? இந்த வேலையை ஏன் ராத்திரியில் செய்யக் கூடாது? கம்பம் நட இத்தனை மாதமா?

அப்புறம் வீட்டு விஷயம் ஒன்று. எங்கள் மாடியில் இருந்து தண்டவாளம் இருபது அடி இருக்கும். அம்மா அங்கேதான் வடகம் காயப்போடுவாள். காக்காய் விரட்டப் பன்னிரண்டு அடி மூங்கில் ஒன்று வைத்திருக்கிறாள். கரண்ட் விட்ட பிறகு ஆபத்து உண்டா? என் மச்சான் வைக்கோல் லாரி ஓட்டுகிறான். கேட்டின் இரண்டு பக்கமும் இரும்பில் கோல் போஸ்ட் மாதிரி நட்டுவிட்டார்கள். வண்டி போகுமா என்று அவன் தனியாக என்னைப் பிடுங்குகிறான்.

பழைய கேங்மேன்:

தம்பி, முப்பத்து நாலு வருஷம் தண்டவாளத்தில் நடந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பி வேலை என் பிரிவு இல்லை. ஆனால் அவர்களுக்குப் பாதையை விட்டுக்கொடுத்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வேறு பாதைகளில்.

ராத்திரியில் ஏன் செய்யவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பாதை ஒற்றைப் பாதை. ராத்திரி அது சும்மா கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம், பாலக்காடு போகிற பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரியில்தான் போகிறது, விடியுமுன் திரும்பி வருகிறது. அது போகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் கழித்தால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய காரணம் கண். கம்பத்தை நிமிர்த்துவது ஒரு வேலை என்றால் கம்பியைச் சரிபார்ப்பது அதற்கு மேல். அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். டவர் வேகன் என்று ஒன்று வரும், கூரை மேல் மேடை வைத்த வண்டி. மேலே நாலு பேர் நின்று கம்பியை விரல் அளவுக்கு நகர்த்துவார்கள்.

அந்தக் கம்பி நேராகப் போவதாக நினைக்கிறாய் அல்லவா? கீழே நின்று அண்ணாந்து பார், நேராக இருக்காது. ஒரு கம்பத்தில் வலது பக்கம் 20 சென்டிமீட்டர், அடுத்த கம்பத்தில் இடது பக்கம் 20 சென்டிமீட்டர் என்று வளைந்து வளைந்து போகும். வேண்டுமென்றே அப்படிக் கட்டுவது. நேராகக் கட்டினால் எஞ்சின் தலையில் கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்கிற கரித்துண்டின் ஒரே இடத்தில் கம்பி உரசும். நாலு நாளில் அங்கே வாய்க்கால் விழுந்துவிடும். ஆட்டுக்கல்லில் குழவி ஒரே பக்கம் தேய்கிற மாதிரி. இந்த வலது இடதை ஒவ்வொரு கம்பத்திலும் அளந்து வைக்க வேண்டும். நேர்ப்பாதையில் ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் கூடினது 72 மீட்டர், வளைவில் இன்னும் நெருக்கம். திருநெல்வேலியில் இருந்து தென்காசிக்கு 72 கிலோமீட்டர். எத்தனை கம்பம் என்று நீயே போட்டுக்கொள், ஸ்டேஷன்களில் இருக்கிற கூடுதல் பாதைக்கு இன்னும் தனி.

ஒரு கம்பத்துக்கு முதலில் குழி, பிறகு கான்கிரீட், அது இறுகினால் கம்பம், அதில் கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிற பிராக்கெட், அப்புறம் கம்பி. மேலே ஒரு கம்பி தொங்கும், அதில் இருந்து சின்னச் சின்னக் கம்பியால் கீழ்க்கம்பியைத் தொங்கவிடுவார்கள். எஞ்சின் தொடுவது கீழ்க்கம்பியை மட்டும். அது சுத்தச் செம்பு. வெயிலில் நீளும், மார்கழியில் சுருங்கும். அதற்காகத்தான் அங்கங்கே கம்பத்தில் எடைக்கல் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கிணற்று ராட்டினத்தில் வாளி தொங்குகிற மாதிரி. கம்பி நீண்டால் எடை இறங்கும், சுருங்கினால் ஏறும், இழுவிசை மாறாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது எவ்வளவு இறங்குகிறது என்று நின்று பார்க்க எனக்கு ஆசை.

இனி உன் திங்கட்கிழமைக் கதை. வேலைக்காகப் பாதையை இத்தனை மணியில் இருந்து இத்தனை மணி வரை எங்களுக்குத் தா என்று கேட்டு வாங்குவதைத்தான் பிளாக் என்கிறோம். மூன்று மணி நேரம் தந்தால் அதற்குள் முடித்து, சாமான் எடுத்து, பாதையைத் திருப்பித் தர வேண்டும். ஒரு மிஷின் நடுவில் மக்கர் பண்ணிவிட்டால் நேரம் தாண்டும், பிளாக் பர்ஸ்ட் ஆகிவிட்டது என்போம். அப்போது வருகிற வண்டி எல்லாம் அடிபடும். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு உன் ஸ்டேஷனுக்கு வந்து சேரவே அரை மணி ஆகும். சாக்பீஸ் பிடித்தவரும் உனக்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் அதைக் கேட்டிருப்பார். ஆனால் அந்தத் தாத்தாவிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம். அதில் உன் கோபம் சரிதான்.

அம்மா விஷயத்தில் விளையாடாதே. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இந்தக் கம்பியில் வருவது 25,000 வோல்ட். தொட்டால்தான் அடிக்கும் என்பது வீட்டுக் கரண்டுக்குச் சரி. இது கிட்டே போனாலே பாயும். கம்பியில் இருந்தும் அது சம்பந்தப்பட்ட எதில் இருந்தும் இரண்டு மீட்டருக்குள் ஆளும் போகக் கூடாது, ஆள் கையில் இருக்கிற பொருளும் போகக் கூடாது. இருபது அடி என்பது தண்டவாளத்துக்கு. உன் வீட்டுப் பக்கம் கம்பம் வந்தால் அது தண்டவாளத்தைவிட உனக்குக் கிட்டே நிற்கும். பன்னிரண்டு அடி மூங்கிலையும் நீட்டின கையையும் கழித்துப் பார், மிச்சம் என்ன இருக்கிறது? காய்ந்த மூங்கில் கடத்தாது என்று எவனாவது சொன்னால் கேட்காதே, விடியக்காலம் பனியில் நனைந்த மூங்கில் அது. வடகத்தைத் தெருப்பக்கம் காயப்போடச் சொல். காக்காய்க்குப் பழைய கறுப்புத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். மாடியில் கொடிக்கம்பி கட்டி இருந்தால் அதையும் கழற்றிவிடு.

கரண்ட் விடுவதற்கு முன்னால் இன்ன தேதியில் இருந்து கம்பியில் மின்சாரம் இருக்கும் என்று பேப்பரில் விளம்பரம் வரும். அதற்காகக் காத்திருக்காதே. கம்பியை இழுத்துக் கட்டின அன்றைக்கே கரண்ட் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்.

பேட்டை சீசன்:

அண்ணாச்சி, உங்கள் செவ்வாய்க்கிழமைக் கதையைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பேப்பர் துண்டை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ‘செவ்வாய் தவிர’ என்று எங்கேயாவது ஒளிந்திருக்கும். வாரத்தில் ஒரு நாளை வேலைக்கு விடுமுறை மாதிரி விட்டுவிட்டுத்தான் இந்த மாதிரி அறிவிப்பு பல நேரம் வரும். நானும் முதல் வாரம் ஏமாந்தேன்.

இன்னொரு குழப்பம் ‘பகுதி ரத்து’. செங்கோட்டையில் கிளம்பி அம்பையோடு (அம்பாசமுத்திரம்) நின்றுவிட்டால் அது பகுதி ரத்து. அம்பைக்காரருக்கு வண்டி உண்டு, எனக்கும் உங்களுக்கும் இல்லை. பேப்பரில் எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் என்று போட்டிருப்பார்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும், தலைப்பை அல்ல.

நான் இப்போது பேப்பரை நம்புவதில்லை. ரயில்வேக்கே நேஷனல் டிரெயின் என்கொயரி சிஸ்டம் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் ரத்தான வண்டிகள் என்று தனியாக ஒரு பகுதி. முழு ரத்து, பகுதி ரத்து இரண்டையும் பிரித்துக் காட்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு முறை, காலையில் பல் தேய்க்கும்போது ஒரு முறை பார்க்கிறேன். ஆப் வேண்டாம் என்றால் 139-க்குப் போன் செய்யுங்கள், வண்டி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. வண்டிக்குள் கண்டக்டரிடம் கேட்பது மாதிரி ‘காலை பாசஞ்சர்’ என்று சொன்னால் அதற்குத் தெரியாது.

என் வயிற்றெரிச்சல் சீசன் டிக்கெட். மூன்று மாதத்துக்கு எடுத்து வைத்தேன், பத்து நாளில் வேலை ஆரம்பித்தது. வண்டி ஓடாத நாளுக்குக் காசு கழிப்பீர்களா என்று ஒரு கவுன்டரில் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. இப்போது மாத சீசன் மட்டும். ரிசர்வேஷன் டிக்கெட் என்றால் பயம் இல்லை, வண்டியையே ரத்து செய்தால் ஆன்லைனில் எடுத்ததற்குப் பணம் தானாகத் திரும்பிவிடும். கவுன்டரில் எடுத்தது என்றால் மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

புளியரை ரோடு:

அப்பளக்கட்டு அண்ணே, உங்கள் மச்சானுக்கு நான் சொல்கிறேன், எனக்கும் வைக்கோல் ஓட்டம்தான், கேரளாவுக்கு. அந்தக் கோல் போஸ்ட் கேட்டுக்காகத்தான் நட்டது, உயரம் நாலே முக்கால் மீட்டருக்குள்தான் இருக்கும். கேட்டுக்கு மேலே கம்பி குறைந்தது ஐந்தரை மீட்டரில் போகும். நடுவில் இருக்கிற இடைவெளி நம் உயிருக்கு. மணியாச்சிப் பக்கம் கரண்ட் முன்னமே வந்துவிட்டதால் எனக்கு இது பழகிப்போச்சு. முதல் தடவை அந்தப் பக்கம் ஒரு கேட்டில் மேல் வரிசைக் கட்டு இரண்டு உரசி ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த பால் வேன்காரன் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

உதிரி வைக்கோலைப் பழைய மாதிரி கோபுரம் கட்டினால் போகாது. இப்போது மிஷினில் உருட்டிக் கட்டின கட்டுதானே, ஒரு வரிசை குறைத்து ஏற்றச் சொல்லுங்கள். முக்கியமான ஒன்று: லோடு மேல் ஆளை உட்கார வைக்கவே கூடாது. கயிறு தளர்ந்திருக்கிறது என்று கேட்டுக்குள் நிறுத்தி மேலே ஏறுகிற பழக்கம் எங்கள் பையன்களுக்கு உண்டு. அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

வடக்கு ரத வீதி:

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு கஷ்டப்பட்டு நமக்கு என்ன கிடைக்கப் போகிறது? கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே கரண்ட் ரயில் விட்டார்கள். நமக்கு இப்போதுதான் கம்பம் நடுகிறார்கள். அதுவும் ஒற்றைப் பாதைக்கு. எதிரே ஒரு வண்டி வந்தால் டீசலாக இருந்தாலும் கரண்டாக இருந்தாலும் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிராசிங்குக்குக் காத்துக் கிடக்கத்தான் வேண்டும். இரட்டைப் பாதை போட்டிருந்தால் நானே மாலை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

பழைய கேங்மேன்:

வடக்கு ரத வீதி ஐயா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். வண்டி எண்ணிக்கை இதனால் அதிகமாகிவிடாது. ஆனால் சென்னையில் இருந்து கரண்டில் வருகிற வண்டியை இந்தப் பக்கம் அனுப்ப ஜங்ஷனில் எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டுகிறோமே, அது போகும். டீசல் புகையும் போகும். எங்கள் கேங்கில் புகை குடித்தே இருமின ஆட்கள் உண்டு, அதனால் எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. அகலப்பாதை ஆக்கியபோது வருஷக்கணக்கில் வண்டியே இல்லாமல் கிடந்தோமே, நினைவு இருக்கிறதா? செங்கோட்டை–புனலூர் 2010-ல் மூடினது, முழுசாகத் திறக்க 2018 ஆயிற்று. 1904-ல் மலையைக் குடைந்து போட்ட பாதை, எட்டு வருஷம் புல் முளைத்துக் கிடந்தது. அதைப் பார்த்தவனுக்கு, நாளைக்கு உண்டா இல்லையா என்று கேட்கிற அளவுக்காவது வண்டி இருப்பதே பெரிசாகத் தெரிகிறது.

அப்பளக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. பேட்டை அக்கா, தோற்றுப்போனேன். அந்தப் பேப்பரை வீட்டுக்காரி அப்பள டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டாள். எடுத்து எண்ணெய்க் கறையைத் துடைத்துப் பார்த்தால், கடைசி வரியில் எறும்பு மாதிரி எழுத்தில் ‘செவ்வாய்க்கிழமைகள் தவிர’. திங்கட்கிழமைக்கு மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதம் முழுவதும் ரத்து என்று பேப்பருக்கு முன்னமே கொடுத்த விஷயத்தை ஸ்டேஷன் போர்டில் ஆறே முக்காலுக்கு எழுதுவானேன்? முந்தின சாயங்காலமே எழுதினால் சாக்பீஸ் கூடுதலாகவா தேயும்?

ஆப் இறக்கிவிட்டேன். மகள் வண்டி எண்ணை ஒரு அட்டையில் எழுதி சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள். ரத்து நாட்களுக்கு வேறு ஏற்பாடும் செய்தேன். கல்லிடையில் இருந்து டவுனுக்குத் தினமும் இலைக்கட்டு ஏற்றிப்போகிற ஒருவருடைய குட்டியானையில் என் பெட்டிக்கும் இடம் தருகிறார். வாழை இலை மேல் அப்பளப் பெட்டி, மெத்தை மாதிரி. போன வியாழக்கிழமை ஒரு கட்டு கூட உடையவில்லை. ஆனால் இலை ஈரம் பெட்டியின் அடியில் ஏறி, கீழ் வரிசை அப்பளம் நமத்துவிட்டது. இனிமேல் அடியில் பிளாஸ்டிக் சாக்கு.

கேங்மேன் ஐயா, அம்மாவிடம் 25,000 வோல்ட் என்றேன். அவளுக்கு அது ஏறவில்லை. உங்கள் இரண்டு மீட்டர் கணக்கைச் சொல்லி, மூங்கிலை நீட்டச் சொல்லி மாடியில் அளந்து காட்டினேன். கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மூங்கிலை வாங்கி, நடுவில் அறுக்கச் சொன்னாள். ஒரு பாதி இப்போது அவரைப் பந்தலில் நிற்கிறது, இன்னொரு பாதி அவள் கையில். வடகம் தெருப்பக்கம் போய்விட்டது. கறுப்புத் துணி கட்டச் சொன்னீர்கள், அதற்கு என் பழைய குடையைக் கிழித்துவிட்டாள்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆப்பில் வண்டிக்கு நேரே சிவப்பு எதுவும் இல்லை. 139-லும் உண்டு என்றார்கள். எதற்கும் இலைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன்.